மே மாதத்துச் சங்கரா மீன்

1

போன செவ்வாய்க்கிழமையோடு நான் பிரான்சுக்கு வந்து பதினோரு வருடம் முடிந்தது. எப்படிக் கொண்டாடினேன் என்று கேட்டால், பிரெஃபெக்தூரில் வரிசையில் நின்று கொண்டாடினேன். நம்மூர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி ஒரு இடம் அது. வெளிநாட்டுக்காரர்களுக்கு இருப்பு அட்டை கொடுப்பதும் புதுப்பிப்பதும் அங்கேதான்.

புதுச்சேரிக்காரி என்றாலே கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும் என்று தமிழ்நாட்டுத் தோழிகள் பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் சொல்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு. முன்னோர் யாராவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்சி மாறிய காலத்தில் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உழவர்கரையில் எங்கள் வீட்டில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு யாரோ ஒருவர் ஒரு கையெழுத்துப் போடச் சோம்பல்பட்டதற்கு, நான் நான்கு வருடத்துக்கு ஒரு முறை கைரேகை வைத்துக்கொண்டிருக்கிறேன். என் கணவர் விக்டர் இங்கே பேருந்து ஓட்டுகிறார். அவருடைய அட்டை என் அட்டையின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது. எனக்கு வேலை இல்லையென்றால் வீட்டில் இரண்டு பேருக்கும் ஊர் இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி கோப்பைப் புரட்டினார். எல்லாம் சரி, ஒன்றே ஒன்று குறைகிறது என்றார். என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படும் என்று நான் வேலை பார்க்கும் கடலாய்வகத்தின் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம். மூன்று வாரத்துக்குள் கொண்டுவர வேண்டும். போகும்போது என் பிரெஞ்சு ரொம்ப அழகாக, பழைய கடிதங்களில் வருவது போல இருக்கிறது என்று பாராட்டினார். கன்னியாஸ்திரீகள் சொல்லிக் கொடுத்த பிரெஞ்சு அது. அதில் மன்றாடலாம், சண்டை போட முடியாது.

நான் இருக்கும் ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மேற்குக் கரை, மழை, ஒரு துறைமுகம், அவ்வளவு போதும். காரணம் படித்துக்கொண்டே வரும்போது உங்களுக்கே புரியும்.

2

எங்கள் ஆய்வகத் தலைவரைத் தெனி என்று வைத்துக்கொள்வோம். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கோடையில் தன் தோட்டத்துத் தக்காளியைக் காகிதப் பையில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். வந்த முதல் நாளே, "என்னை நீ என்றே கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். எனக்கு அதுதான் வினையாகப் போயிற்று. நீங்கள் என்று பேசும் மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். தக்காளி கொடுத்து, நீ நான் என்று பழகுகிற மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஆய்விதழ்கள் எப்படி நடக்கின்றன என்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதி அனுப்பினால், இதழின் ஆசிரியர் அதை உடனே போட்டுவிட மாட்டார். அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, இது நம்பத் தகுந்ததா என்று கேட்பார். எழுதியவர் யார் என்று படிப்பவருக்குச் சொல்ல மாட்டார்கள், படித்தவர் யார் என்று எழுதியவருக்கும் சொல்ல மாட்டார்கள். கட்டுரையை வேறு யாருக்கும் காட்டக் கூடாது. எழுதியவர் தெரிந்தவர் என்று தோன்றினால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. மனசாட்சியை நம்பி நடக்கிற தொழில் என்று மேடையில் சொல்வார்கள்.

தெனிக்கு இப்படி வாரம் ஒரு கட்டுரை வரும். அவர் அதை எனக்குத் தள்ளிவிடுவார். நான் படித்து, நான்கு பக்கம் குறை எழுதி, அவருக்கு அனுப்புவேன். அவர் இரண்டு காற்புள்ளியை மாற்றித் தன் பெயரில் அனுப்பிவிடுவார். முதல் தடவை எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்புறம் எத்தனை எழுதினேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். இது தப்பு என்று தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். எங்கள் தாழ்வாரத்தில் ஒப்பந்தத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் இதைத்தான் செய்கிறோம்.

3

இரண்டு மாதத்துக்கு முன் தெனி அனுப்பிய கட்டுரையைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதியவர் பெயரை எடுத்துவிட்டார்கள், கல்லூரியின் பெயரைக் கறுப்பு மையால் அழித்துவிட்டார்கள். கடலை எப்படி அழிப்பது? வரைபடத்தில் தேங்காய்த்திட்டு துறைமுகம் அப்படியே இருந்தது. முகத்துவாரம், அலைத்தடுப்புக் கல், ஏலக் கூடம் எல்லாம். பதினோரு வருடத்தில் என் ஊர் என் மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வேலை நேரம் என்பதையும் மறந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன் குடலில் நெகிழித் துகள் எவ்வளவு இருக்கிறது என்பது ஆய்வு. பன்னிரண்டு மாதம், மாதம் இருபது சங்கரா மீன். அன்று காலை கரைக்கு வந்த விசைப்படகுகளிலிருந்து ஏலத்தில் வாங்கியது என்று எழுதியிருந்தது. முடிவு என்னவென்றால், மே மாதத்தில் துகள் இரண்டு மடங்காக ஏறுகிறதாம். கோடை விடுமுறைக்கு வரும் சுற்றுலாக் கூட்டம் கடற்கரையில் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக்தான் காரணமாம். படிக்கவே நன்றாக இருந்தது. இதழ் எடுத்துக்கொள்ளும், செய்தித்தாள் எடுத்துக்கொள்ளும், யாராவது ஒரு மந்திரி மேடையிலும் எடுத்துக்கொள்வார்.

ஆனால் மே மாதத்தில் ஏது விசைப்படகு? புதுச்சேரியில் மீன் தின்கிற எந்த வீட்டுக்கும் இது தெரியும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை அறுபத்தொரு நாள் தடைக்காலம். படகெல்லாம் கயிறு கட்டி நிற்கும், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். மார்க்கெட்டில் விற்பது கேரளாவிலிருந்து ஐஸ் லாரியில் வருகிற மீன். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து, "லாரி மீனு, வேணாம்" என்று கூடையைத் தள்ளிவிடுவாள். தெனிக்கு இது தெரியாது. இதழின் ஆசிரியருக்கும் தெரியாது. அந்தக் கட்டுரை உலகத்தில் வேறு யார் கைக்குப் போயிருந்தாலும் அந்த மே மாதம் தப்பித்திருக்கும்.

கடைசிப் பக்கத்து அட்டவணைக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு அடையாளப் பெயர் கொடுத்திருந்தார்கள். பிப்ரவரி மீனெல்லாம் லூர்து ஒன்று, லூர்து இரண்டு. டிசம்பர் மீன் சவேரியார். மே மாதத்து மீன் பாத்திமா ஒன்று முதல் பாத்திமா இருபது வரை. எம்.எஸ்சி. படிக்கும்போது ஐஸ் தண்ணீரில் சீட்டு நனைந்து மூன்றும் எட்டும் ஒன்றாகிப் போய், ஒரு மாத வேலை வீணானது. அப்போதுதான் தேதி எழுதாமல், அந்த நாளையொட்டி வருகிற புனிதர் பெயரைக் கோயில் காலண்டரில் பார்த்து எழுத ஆரம்பித்தோம். பாதி எழுத்து அழிந்தாலும் யார் என்று தெரிந்துவிடும். எங்கள் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரி, செய்யுங்கள் என்றார். இந்த வழக்கம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருத்தி நான். இன்னொருத்தி அருள்மேரி.

4

அருள் எனக்கு யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அப்போது என் பழைய அட்டை காலாவதியாகி, புது அட்டை வராமல், கையில் விண்ணப்பம் கொடுத்ததற்கான சீட்டு மட்டும் இருந்தது. அந்தச் சீட்டோடு நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நான் போகவில்லை. அருள் மூலக்குளத்திலிருந்து தினமும் காலேஜ் முடிந்து ஸ்கூட்டியில் உழவர்கரைக்கு வந்து அம்மாவைத் துடைத்து, துணி மாற்றி, ரசம் சோறு பிசைந்து கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா எழுந்து நடக்கும் வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. நான் வீடியோவில் பார்த்து அழுதேன், அவ்வளவுதான் நான் செய்தது.

என் மகள் லியாவுக்கு அவள்தான் ஞானத்தாய். லியாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள், அதுவும் அறைக் கதவை மூடிக்கொண்டே. மீன் என்றால் அவளுக்கு முள் இல்லாமல், மாவு தோய்த்து, செவ்வகமாக அட்டைப் பெட்டியில் வருவது. அருள் போன் செய்தால் திரையைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டு, "அந்தப் பாண்டி அம்மா கூப்பிடுறாங்க" என்று பிரெஞ்சில் சொல்லி என்னிடம் கொடுப்பாள். அருளுக்குப் பிரெஞ்சு தெரியும். பாப்பா நல்லா வளந்துட்டா என்று மட்டும் சொல்வாள். நான் கூசிப்போவேன்.

அருள் ஒரு தனியார் கல்லூரியில் ஒன்பது வருடமாகத் தற்காலிகமாகவே வேலை பார்க்கிறாள். நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். இந்தக் கல்வியாண்டைத் தாண்டினால் வயது வரம்பும் தாண்டிவிடும். இதெல்லாம் அவளே எனக்குப் போனில் சொன்னதுதான். எந்த இதழுக்கு அனுப்பியிருக்கிறாள் என்று மட்டும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

5

மறுநாளே தெனியிடம் போய், எழுதியவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயர் மறைக்கப்பட்ட கட்டுரையில் யார் என்று தெரிவதற்கு வழியே இல்லை, அது உன் ஊகம் என்றார். ஊகமில்லை என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இன்றுவரை நினைத்து நினைத்து எரிகிறேன்.

"அழைப்பு வந்தது எனக்கு. எனக்கு அவரைத் தெரியாது. பிறகு என்ன சிக்கல்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். இதழின் கணக்கில் நான் இல்லை. இல்லாத ஆளுக்குத் தோழி மட்டும் எப்படி இருக்க முடியும்? அந்த மேசையிலேயே என் ஒப்பந்த நீட்டிப்புத் தாளும் கையெழுத்தில்லாமல் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தாரா என்று தெரியாது.

மூன்று நாள் அந்தக் கட்டுரையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வேறு ஆளிடம் கொடுங்கள் என்று அடம்பிடித்தால் தாழ்வாரத்தில் இன்னொரு ஒப்பந்தக்காரரிடம் போகும், அவருக்குத் தடைக்காலம் தெரியாது, பொய் அச்சாகிவிடும். அருளுக்குப் போன் போட்டு எச்சரித்தால், யாருக்கும் காட்டக் கூடாது என்ற விதியை நானே உடைத்தவள் ஆவேன். பேசாமல் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டால், நான் படித்த படிப்புக்கு அர்த்தமில்லை. விக்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "உன் பேரே இல்லாத விஷயத்துக்கு நீ ஏன் இந்தப் பாடு படறே?" என்றார். பேர் இல்லாததுதான் பாடு என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டேன். வெளியாள் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வியை மட்டும் கேட்பது. தடைக்கால அறிவிப்பு எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்றுதானே. "மே மாதத்தில் இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதாக அறிகிறேன். அம்மாத மீன்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பதை ஆசிரியர்கள் விளக்க வேண்டும்." இரண்டே வாக்கியம். பாத்திமாவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. தெனி காற்புள்ளியைக்கூட மாற்றாமல் அனுப்பிவிட்டார், அருமையான கேள்வி என்று பாராட்டு வேறு.

6

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது, அருள் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. கட்டுரை திரும்பி வந்துவிட்டது, மொத்தமாகத் தள்ளவில்லை, விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றாள். முதல் ஆள் ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டாவது ஆள்தான் மே மாதத்தைப் பிடித்துக்கொண்டதாம். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

மே மாத மீன் எங்கேயிருந்து வந்தது என்று நான் கேட்கவே இல்லை. அவளாகவே சொல்லிவிட்டாள்.

"லாரி மீனுதான் ஜெசி. வேற எங்க போவேன்? பதினோரு மாசம் போட்டா ஏன் ஒரு மாசம் இல்லன்னு கேட்டு ஒரு இதழ்ல தள்ளிட்டான். பன்னெண்டு போட்டா எப்படி வந்துச்சுன்னு இவன் கேக்கறான்."

மேயை எடுத்துவிட்டால் ஏற்றமும் இல்லை, சுற்றுலாக் கதையும் இல்லை, கட்டுரையில் சொல்ல ஒன்றுமே இருக்காது என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பிறகு, நம்மூர் தடைக்காலம் தெரிந்த ஆள் அந்தப் பக்கம் யார் இருப்பார் என்று அவளாகவே யோசித்துக்கொண்டே வந்து, சட்டென்று கேட்டாள்.

"நீயாடி?"

"இல்ல."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நீயா இருந்தா மொதல்ல எனக்குப் போன் பண்ணியிருப்ப."

அன்று குழம்பில் உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. லியா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். விக்டர் உப்பு டப்பாவை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

7

இனி இந்த வாரத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை பிரெஃபெக்தூர், அந்தக் கடிதம், மூன்று வாரக் கெடு. புதன்கிழமை காலை அருளிடமிருந்து மின்னஞ்சல். இரண்டாவது ஆளுக்கான பதிலை எழுதிவிட்டாளாம், இங்கிலீஷ் மட்டும் பார்த்துக் கொடு என்று கேட்டிருந்தாள். மே மாத மீன்கள் தடையிலிருந்து விலக்குப் பெற்ற நாட்டுப் படகுகளிலிருந்து வாங்கப்பட்டவை, முதல் பிரதியில் அதைத் தனியே குறிப்பிடத் தவறிவிட்டோம் என்று எழுதியிருந்தாள். சுத்தமான பதில். நாட்டுப் படகுக்கு விலக்கு உண்டு என்பதும் உண்மை. உலகத்தில் எந்த மதிப்பீட்டாளரும் அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார். அன்று மதியமே தெனி என் மேசைப் பக்கம் தலையை நீட்டி, அந்த மீன் கட்டுரை திருத்தத்தோடு சீக்கிரம் திரும்பி வரும், நீதான் பார்க்க வேண்டும் என்றார்.

நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் எழுதிக் கொடுத்து, அந்தப் பதிலை நானே படித்து, திருப்தி என்று இன்னொருவர் பெயரில் எழுத வேண்டும். கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கென்று கதவுள்ள இடம் அலுவலகத்தில் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை இதழின் ஆசிரியருக்கு எழுதினேன். இரண்டாவது மதிப்பீட்டை எழுதியவள் நான், நீங்கள் அழைத்தவர் அல்ல. கட்டுரையாளர் என் நெருங்கிய தோழி. திருத்திய பிரதியை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாம், வேறு ஆளிடம் கொடுங்கள். லாரி மீனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என்னைத் தோழியாக நினைத்துச் சொன்னதை எடுத்துக்கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது? அதை அவள்தான் சொல்ல வேண்டும். தெனிக்கும் ஒரு நகல் போட்டேன். மாலையில் ஒரு வரிப் பதில் வந்தது, திங்கட்கிழமை பத்து மணிக்கு நீங்கள் என் அறைக்கு வர வேண்டும் என்று. நீங்கள் என்று எழுதியிருந்தார். கையெழுத்தைப் பற்றிக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. இதை எழுதும் இன்று சனிக்கிழமை.

நேற்று அருளைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். காலேஜிலிருந்து அப்போதுதான் வந்து ஸ்கூட்டியை நிறுத்தினேன் என்றாள். பார்த்துட்டியா, இங்கிலீஷ் ரொம்ப மோசமா என்று கேட்டாள்.

"அந்த நாட்டுப் படகு வரிய எடுத்துடு அருளு."

"ஏன், தப்பா எழுதியிருக்கனா?"

"நல்லாத்தான் எழுதியிருக்க. நான் நம்பல."

"நீ நம்பி என்னா ஆவப்போவுது? அந்த ரெண்டாவது ஆளு நம்புனா போதும்."

"அந்த ஆளுதான் சொல்றேன்."

மூலக்குளம் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. நான் மீனைப் பற்றி, விதியைப் பற்றி, தெனியைப் பற்றி, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பதினோரு மாதத்தையே உண்மையாக எழுது, நான் கூட உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்றேன். லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் அவள் கட்டுரையைப் பற்றிப் பேசவே இல்லை.

"அன்னிக்கு நீயான்னு கேட்டதுக்கு இல்லன்னு சொன்னியே ஜெசி," என்றாள். "ஒரு கேள்விகூடக் கேக்காம நம்பிட்டனேடி."